கர்ப்பிணியின் அட்டையில் ஏறாத ரத்த வகை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிய வரும் பெண்ணுக்கு ரத்த வகை பார்ப்பது சில நிமிட வேலை. வெள்ளைத் தட்டில் மூன்று இடத்தில் ஒவ்வொரு துளி ரத்தம். முதல் துளியோடு நீலத் திரவம், அடுத்ததோடு மஞ்சள், மூன்றாவதோடு நிறமே இல்லாத ஒன்று. குச்சியால் கலக்கி, தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கிறார் ஆய்வக நுட்பநர். நீலத்தில் ரத்தம் பால் திரிவதுபோல் திரிந்தால் ஏ. மஞ்சளில் திரிந்தால் பி. இரண்டிலும் என்றால் ஏபி. இரண்டிலும் இல்லையென்றால் ஓ. நிறமற்ற துளி திரிந்தால் பாசிட்டிவ், திரியாவிட்டால் நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் அட்டையில் சிவப்பு மையில் எழுதுகிறார்கள். மற்ற பெண்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்தத் துளிகள் கேட்பது மூன்றே கேள்வி. பன்னாட்டு ரத்தமேற்றல் சங்கம் 2025 வரை ஏற்றுக்கொண்டுள்ள ரத்த வகை அமைப்புகள் 48. சிவப்பணுவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆன்டிஜென்களோ 350-க்கு மேல். மிகப் பெரும்பாலான பெண்களுக்கு அந்த மிச்சக் கேள்விகள் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவதில்லை. தேவைப்படும் சிலருக்கு அது தெரியவருவது தப்பான நேரத்தில்: பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் இருக்க, “எந்த யூனிட்டும் கிராஸ் மேட்ச் ஆகவில்லை” என்று ரத்த வங்கியிலிருந்து பதில் வரும்போது, அல்லது இரண்டாவது பிள்ளையும் வயிற்றிலேயே போன பிறகு. அரிய ரத்த வகை என்றாலே கொடையாளர் கிடைக்காமல் அலைந்த கதையாகத்தான் பேசுகிறோம். கர்ப்பிணியைப் பொறுத்தவரை அது இரண்டாவது பிரச்சினை. ஏழெட்டு மாதம் அவகாசம் இருந்தும் யாரும் சோதித்துப் பார்க்காமல் விட்டதுதான் முதல் பிரச்சினை என்பது என் கருத்து.

எது அரிது என்பதே ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பியரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் ஆர்ஹெச் நெகட்டிவ். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களிடம் அது முப்பதை ஒட்டியும் போகிறது. இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து. சீனாவின் ஹான் மக்களிடமோ ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேர்தான். அங்கே அதற்குப் ‘பாண்டா ரத்தம்’ என்றே பேர். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிரசவம் என்று வைத்துக்கொண்டால், அதில் 45,000 தாய்மார் நெகட்டிவ். இதை அரிது என்று சொல்வது சரியில்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் மாதந்தோறும் பார்க்கிற ஒன்று. பின்னால் விரிவாக வரும் பாம்பே வகையின் கதை தலைகீழ். ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு ஒருவர் என்று சொல்லப்படும் அது, மும்பைப் பகுதியில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. ரத்த வங்கித் துறையில் பொதுவாக ஆயிரத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு என்றால்தான் ‘அரிய வகை’ என்கிறார்கள்.

இந்தத் துறையின் வரலாறே பாதி கர்ப்பிணிகளின் வரலாறு. 1939-இல் ஃபிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் என்ற இரு மருத்துவர்கள் நியூயார்க்கில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. தாய்க்கு ரத்தம் தேவைப்பட்டது. கணவருக்கும் ஓ, அவளுக்கும் ஓ என்பதால் அவர் ரத்தத்தையே ஏற்றினார்கள். குளிரும் நடுக்கமுமாக உடம்பு தூக்கியடித்தது. அவளுடைய சீரத்தை ஓ வகைக் கொடையாளர்கள் 104 பேரின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தபோது 80 பேருடையது திரிந்தது. கணவனிடமிருந்து குழந்தைக்கு வந்த ஏதோ ஒன்றுக்கு எதிராகத் தாயின் உடம்பு ஆயுதம் செய்துவைத்திருக்கிறது என்று லெவின் சரியாக ஊகித்தார். ஆனால் அந்த ஏதோ ஒன்றுக்குப் பேர் வைக்காமல் விட்டார். மறு ஆண்டே லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வில் கிடைத்ததற்கு ஆர்ஹெச் என்று பேரிட்டார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. யார் முதல் என்ற சண்டை பல்லாண்டு ஓடியது.

அதற்குப் பிறகு வந்த பெயர்களும் அப்படித்தான். 1946-இல் கெல், 1951-இல் கிட், 1955-இல் வெனிசுவேலாவில் டியகோ. மூன்றும் குடும்பப் பெயர்கள். மூன்றிலும் நோயுற்றுப் பிறந்த ஒரு குழந்தையின் தாயிடமிருந்துதான் எதிர்ப்பொருள் கிடைத்தது. 1972-இல் ஒரு கர்ப்பிணியின் ரத்தத்தில் எல்லோருக்கும் இருக்கும் ஓர் ஆன்டிஜென் இல்லாததைக் கண்டார்கள். அதற்கான மரபணு எது என்று பிரிட்டனில் பிரிஸ்டல் ஆய்வகத்தினர் உறுதிசெய்தது 2024-இல். ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு. இ.ஆர். என்ற வகை 1982-இலேயே தென்பட்டிருந்தாலும் 2022-இல்தான் தனி அமைப்பாக நிலைநாட்டப்பட்டது. அந்த ஆய்வுக்குள் இரண்டு தாய்மார் குழந்தைகளைப் பறிகொடுத்த கதை இருக்கிறது.

கர்ப்பம் ஏன் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது? வேறொருவரின் ரத்தம் நம் உடலுக்குள் வர முக்கியமான வழி இரண்டு. ஒன்று ரத்தம் ஏற்றிக்கொள்வது, மற்றது பிள்ளை சுமப்பது. குழந்தையின் சிவப்பணு ஆன்டிஜென்களில் பாதி தகப்பன் வழிச் சொத்து. நஞ்சுக்கொடி இரண்டு ரத்தத்தையும் கலக்க விடுவதில்லை என்றாலும், பிரசவத்தின்போதும், கரு கலையும்போதும், வயிற்றில் அடிபடும்போதும் கொஞ்சம் கசிந்துவிடுகிறது. ஒரு மில்லி லிட்டரின் பத்தில் ஒரு பங்குகூடச் சிலருக்குப் போதும். தாயிடம் இல்லாத ஆன்டிஜென் அந்த அணுக்களில் இருந்தால், தாயின் உடல் அதை அந்நியமாகப் பார்த்து எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்குகிறது. முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளையின்போது ஐ.ஜி.ஜி. என்ற வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்துபோய்க் குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. ரத்தசோகை, உடல் முழுக்க நீர்க்கட்டு, இறந்து பிறத்தல். உயிரோடு பிறந்தால் முதல் நாளே ஏறும் மஞ்சள் காமாலை.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சில வகைகளில் ஆபத்து குழந்தைக்கு, தாய்க்கு ஒன்றுமில்லை. ஆர்ஹெச் நெகட்டிவ் தாய் அப்படிப்பட்டவள். சில வகைகளில் குழந்தைக்கு அநேகமாக ஒன்றுமில்லை; ரத்தப்போக்கு வந்தால் தாயின் உயிர்தான் தொங்கும். பாம்பே வகை அப்படி. இருவரையும் ஒருசேரப் பிடிக்கும் வகைகளும் உண்டு. பொதுப்பேச்சில் எல்லாமே ‘ரேர் குரூப்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. அதனால்தான் தேவையில்லாத வீட்டில் பயமும், தேவையான வீட்டில் அலட்சியமும்.

ஆர்ஹெச் கதை மருத்துவம் ஜெயித்த கதை. 1946-இல் பாஸ்டனில் லூயி டயமண்ட் பிறந்த குழந்தையின் தொப்புள் நாளம் வழியாக ரத்தத்தையே மாற்றும் முறையை எளிதாக்கினார். 1963-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி கருப்பையில் இருக்கும் சிசுவுக்கே ரத்தம் ஏற்றினார். இவையெல்லாம் நோய் வந்த பின் செய்பவை. வராமலே தடுக்கும் வழி இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் கிடைத்தது. லிவர்பூலில் சிரில் கிளார்க்கும் ரொனால்ட் ஃபின்னும். நியூயார்க்கில் ஃபிரீடா, கோர்மன், பொல்லாக் மூவரும். குழந்தையின் அணுக்களைத் தாயின் உடல் அடையாளம் காண்பதற்கு முன்பே, பாசிட்டிவ் அணுக்களில் உள்ள டி ஆன்டிஜெனுக்கு எதிரான ‘ஆன்டி-டி’ எதிர்ப்பொருளை வெளியிலிருந்து செலுத்தி அவற்றை அகற்றிவிடுவது. லிவர்பூலுக்கு இந்த யோசனை வந்தது ஓர் இயற்கையான அவதானிப்பிலிருந்து: தாய் ஓ, பிள்ளை ஏ அல்லது பி என்று இருந்தால் ஆர்ஹெச் பாதிப்பு குறைவாக வருகிறது, கசிந்த அணுக்களைத் தாயின் இயல்பான எதிர்ப்பொருளே முதலில் தீர்த்துவிடுகிறது.

நியூயார்க் குழு சிங் சிங் சிறையில் இருந்த தன்னார்வலர்களிடம் இதைச் சோதித்தது. பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்று இன்றைக்கும் எல்லாப் பிரசவ அறைகளிலும் சொல்கிறார்களே, அந்த 72 உடலியல் ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல; சிறை விதிகள் ஆய்வாளர்களை எப்போது உள்ளே விட்டன என்பதிலிருந்து வந்தது. ஆகவே நான்காம் நாள் வந்துவிட்டது என்று ஊசியைக் கைவிடுவது தவறு. பத்து நாள் வரைகூடப் போடலாம் என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 1968-இல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு உரிமம் கிடைத்தது. தடுப்பு இல்லாத காலத்தில், ஏபிஓ பொருந்திய பாசிட்டிவ் குழந்தை பெறும் நெகட்டிவ் தாய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 16 பேருக்கு எதிர்ப்பொருள் உண்டானது. பிரசவத்துக்குப் பின் ஊசி போட்டதும் அது ஒன்று இரண்டாகக் குறைந்தது. 28-ஆம் வாரத்திலும் ஒன்று போட்டால் அதுவும் பத்தில் ஒரு பங்காகிறது.

இந்த மருந்து மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் வந்தது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை செய்து பிறர் ரத்தத்தால் பிழைத்தவர். 81 வயது வரை 1,173 முறை கொடை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகளுக்கு அது பயன்பட்டதாக அந்நாட்டு ரத்த சேவை கணக்கிடுகிறது. 2025-இல் தன் 88-ஆம் வயதில் இறந்தார். இதற்கு மறுபக்கமும் உண்டு. அயர்லாந்தில் 1977 முதல் 1979 வரை தயாரான ஆன்டி-டி ஊசியில் ஹெபடைட்டிஸ் சி கிருமி கலந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாருக்குத் தொற்றியது; அது வெளியே தெரிந்தது 1994-இல். கிழக்கு ஜெர்மனியிலும் அதே காலத்தில் அதே விபரீதம் நடந்தது. இப்போது இந்தியாவில் ஆய்வகத்தில் உருவாக்கப்படும் மோனோகுளோனல் ஆன்டி-டியும் சந்தையில் உண்டு. மனித பிளாஸ்மாவை நம்பியிருக்க வேண்டாம் என்பது அதன் ஆதாயம்.

நம் ஊரில் பிரசவத்துக்குப் பின் போடும் ஊசி பெரும்பாலும் விட்டுப்போவதில்லை. விட்டுப்போவது வேறு இடங்களில். கருக்குழாயில் கர்ப்பம், மூன்று மாதத்துக்குப் பிந்தைய கருச்சிதைவு, இடையில் ரத்தக் கசிவு, கீழே விழுதல்: இவற்றுக்குப் போகும் மருத்துவமனையும் அட்டை இருக்கும் மருத்துவமனையும் பல நேரங்களில் வேறு வேறு. 12 வாரத்துக்கு முந்தைய கருக்கலைப்புக்கு ஊசி தேவையில்லை என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் மருத்துவர்கள் பலர் அதை இன்னும் ஏற்காமல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த பிள்ளைக்கு நான்கைந்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று உத்தரவாதம் தர முடியாத இடத்தில் அந்த எச்சரிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் குடும்பங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: எதிர்ப்பொருள் உருவான பிறகு இந்த ஊசியால் பயனில்லை. “போன தடவை போடலை டாக்டர், இந்தத் தடவை ரெண்டாப் போட்டுடுங்க” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

வலுவற்ற டி என்று ஒரு சங்கடமும் உண்டு. சிலருடைய அணுவில் டி ஆன்டிஜென் இருக்கிறது, ஆனால் குறைவாகவோ அரைகுறையாகவோ. ஓர் ஆய்வகத்தில் பாசிட்டிவ் என்றும் இன்னொன்றில் நெகட்டிவ் என்றும் வரும், வீட்டில் குழப்பம். ரத்த வங்கியின் நடைமுறை இதற்குக் கச்சிதமான விடை வைத்திருக்கிறது: அவர் ரத்தம் கொடுக்க வந்தால் பாசிட்டிவ், ரத்தம் வாங்கவோ பிள்ளை பெறவோ வந்தால் நெகட்டிவ். ஒரே ஆளுக்கு இரண்டு வகை என்பது கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இரண்டு பக்கமும் பாதுகாப்பான முடிவு அதுதான்.

நெகட்டிவ் தாயை இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிற நம் அமைப்பு, பாசிட்டிவ் என்று எழுதியவுடன் கையைக் கழுவிவிடுகிறது. இந்தக் கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். ஆர்ஹெச் அமைப்பில் டி மட்டும் இல்லை. பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ என்று நான்கு உடன்பிறப்புகள் உண்டு. இந்தியரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சின்ன சி இல்லாதவர்கள். அட்டையில் அவர்கள் ‘பி பாசிட்டிவ்’, ‘ஓ பாசிட்டிவ்’ என்று சாதாரணமாக இருப்பார்கள். ரத்தசோகைக்காக எப்போதோ ஒரு யூனிட் ஏற்றிக்கொண்ட பெண்ணுக்கு, அந்த யூனிட் வழியே சின்ன சி வந்து எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். ஆன்டி-டிக்கு அடுத்தபடியாகக் குழந்தையைக் கடுமையாகத் தாக்கும் எதிர்ப்பொருள்களில் அது ஒன்று. கெல் இன்னும் மோசம்: ஓடுகிற சிவப்பணுக்களை மட்டுமன்றி, உருவாகிவரும் இளம் அணுக்களையே அது முடக்குகிறது, ஆகவே எதிர்ப்பொருளின் அளவு குறைவாக இருக்கும்போதே குழந்தைக்கு ரத்தசோகை முற்றிவிடலாம். கெல் ஆன்டிஜென் நம் மக்களிடம் ஐரோப்பியரைவிடக் குறைவு என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை புதியது அல்ல. 1945-இல் கேம்பிரிட்ஜில் கூம்ஸும் சகாக்களும் தந்தது. தாயின் சீரத்தைத் தெரிந்த வகை ஓ அணுக்களோடு சேர்த்து, கழுவி, கூம்ஸ் சீரம் விட்டுப் பார்ப்பது. பிரிட்டனில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பதிவின்போதும் 28-ஆம் வாரத்திலும் இதைச் செய்கிறார்கள், வகை எதுவானாலும். இங்கே அது பெரும்பாலும் நெகட்டிவ் பெண்களுக்கான சோதனை. டெல்லி, வேலூர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் எல்லாப் பெண்களுக்கும் செய்து பார்த்த ஆய்வுகளில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் எதிர்ப்பொருள் தென்பட்டது. பெரும்பகுதி ஆன்டி-டி என்றாலும் பாசிட்டிவ் தாய்மாரும் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் செய்யப் பணம் ஏது என்ற கேள்வி நியாயமானது. முன்பு ரத்தம் ஏற்றியவர், முன்பு பிள்ளையை இழந்தவர், முந்தைய குழந்தைக்கு விளக்கு வைக்கும் அளவுக்குக் காமாலை வந்தவர் ஆகியோருக்காவது வகை பார்க்காமல் செய்யலாம். அந்தக் கேள்விகளைச் செவிலியர் ஏற்கெனவே கேட்டு அட்டையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

இனி பாம்பே வகை. 1952-இல் மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் ஒய்.எம். பேண்டேயும் சகாக்களும் லான்செட் இதழில் அறிவித்தது. ஏ, பி ஆன்டிஜென்கள் இரண்டும் ஹெச் என்ற அடித்தளத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன. ஓ வகையினரிடம் மேற்கட்டு இல்லை, அடித்தளம் உண்டு. பாம்பே வகையினரிடம் அடித்தளமே இல்லை. எனவே தட்டில் நீலத்திலும் திரியாது, மஞ்சளிலும் திரியாது. ‘ஓ’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய சீரத்தில் ஹெச்-க்கு எதிரான எதிர்ப்பொருள் பிறவியிலேயே வலுவாக இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான கொடையாளர் என்று பேர் வாங்கிய ஓ ரத்தம் இவர்களுக்கு நஞ்சு. கண்டுபிடிக்க மறுபக்கச் சோதனை வேண்டும்: இவர்கள் சீரத்தை ஓ அணுக்களோடு சேர்த்தால், திரியக்கூடாத அந்தக் குழாய் திரிந்து நிற்கும். உறுதிப்படுத்த ஐரோப்பாவில் வேலியோரம் வளரும் மஞ்சள் பூ முட்செடி ஒன்றின் விதைச்சாறு பயன்படுகிறது. ரத்த வங்கியில் இந்த மறுபக்கச் சோதனை கட்டாயம். தட்டுச் சோதனையோடு நிற்கும் இடத்தில் இல்லை.

இந்த வகை வர அப்பா அம்மா இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வர வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வழக்கம் அதற்குத் தோதானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 விழுக்காடு உறவுக்குள் நடந்தவை. இந்திய சராசரி 11. மும்பையின் பேரைத் தாங்கியிருந்தாலும் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு, இலங்கை எங்கும் இந்த வகையினர் இருப்பது இதனால் வியப்பில்லை. அதே சொந்தம்தான் கைகொடுக்கவும் செய்கிறது: இப்படி ஒரு பெண் கண்டறியப்பட்டால் அவளுடைய உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரும் அதே வகையாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஊர் முழுக்கத் தேடுவதற்கு முன் அண்ணன் தம்பியைச் சோதிப்பதுதான் அனுபவமுள்ள ரத்த வங்கி அலுவலர் முதலில் செய்வது.

குழந்தைக்கு இதில் ஆபத்து குறைவு. ஹெச்-க்கு எதிரான எதிர்ப்பொருள் பெரும்பகுதி ஐ.ஜி.எம். வகை, அது நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. சிசுவின் அணுக்களிலும் ஹெச் முழுமையாக வளர்ந்திருக்காது. காமாலை வரலாம், கவனித்தால் சரியாகிவிடும். குழந்தையின் வகை கிளப்பும் புயல் வேறு மாதிரி. தாய் பாம்பே, அவளிடம் பி மரபணு மறைந்து கிடக்கிறது, அடித்தளம் இல்லாததால் வெளியே தெரியவில்லை. கணவர் ஓ. அவரிடமிருந்து ஹெச் அடித்தளத்தையும் தாயிடமிருந்து பி-யையும் வாங்கிக்கொண்டு பிள்ளை பி வகையாகப் பிறக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த அட்டவணைப்படி ஓ-வுக்கும் ஓ-வுக்கும் பி பிறக்காது. அரைகுறை விவரம் தெரிந்த உறவினர் ஒருவர் வாயைத் திறந்தால் போதும். தாயின் வகை பாம்பே என்று அட்டையில் முன்பே எழுதியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தாய்க்கான ஏற்பாடு ஐந்தாம் மாதத்திலேயே தொடங்க வேண்டும். முதல் மருந்து இரும்புச்சத்து. மாத்திரை ஏறாவிட்டால் நாளம் வழியாக. அதே குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது. 8 கிராம் ஹீமோகுளோபினோடு பிரசவத்துக்குப் போகிற பாம்பே வகைப் பெண்ணும் 12 கிராமோடு போகிறவளும் ஒரே ஆபத்தில் இல்லை; பின்னவளுக்கு யூனிட்டே தேவைப்படாமல் போக வாய்ப்பு அதிகம். அடுத்தது கொடையாளர்கள். சிவப்பணு யூனிட்டின் ஆயுள் 35 முதல் 42 நாள். எனவே எட்டாம் மாதம் ஒருவர், பிரசவத் தேதிக்கு முன் இன்னொருவர் என்று வரிசைப்படுத்தலாம். ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருந்தால் தாயின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கும் முறையும் உண்டு. கிளிசரால் சேர்த்து உறையவைத்தால் பத்தாண்டு தாங்கும். ஆனால் அந்த வசதி மிகச் சில இடங்களிலேயே இருக்கிறது.

இவ்வளவு திட்டமிட முடிகிற விஷயம் நம்மிடம் வாட்ஸ்அப் செய்தியாக அலைகிறது. “அவசரம், பாம்பே ஓ, பிரசவம், தொடர்புக்கு” என்று வரும் வேண்டுகோள்கள் தேதியில்லாமல் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. அந்தக் குழந்தை பள்ளிக்கே போயிருக்கும். நல்ல மனசு வீணாவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசிய இம்யூனோஹிமட்டாலஜி நிறுவனம் அரிய கொடையாளர் பதிவேட்டை உருவாக்கியிருக்கிறது. பாம்பே வகையினருக்காக மும்பையிலும் பெங்களூரிலும் தன்னார்வ அமைப்புகள் பட்டியல் பராமரிக்கின்றன. உலக அளவில் 1965-இல் தொடங்கிய ஒரு பட்டியல் பிரிஸ்டலில் பராமரிக்கப்படுகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு இவற்றின் எண் கைக்கெட்டும் இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்பதே கேள்வி.

மிக அரிய வகைகளைச் சுருக்கமாகவே தொடலாம். சின்ன பி (p) என்று எழுதப்படும் ஒரு வகையில், நஞ்சுக்கொடியிலேயே இருக்கும் ஆன்டிஜென்களைத் தாயின் இயல்பான எதிர்ப்பொருள் தாக்குகிறது. முதல் மூன்று மாதத்தில் கரு திரும்பத் திரும்பக் கலையும். ஸ்வீடனின் வடக்கே வெஸ்டர்போட்டன் பகுதியில் இது சற்று அதிகம். தொடக்கத்திலிருந்தே பிளாஸ்மா மாற்றம் செய்து பிள்ளை பெற்ற தாய்மார் உண்டு. டி மட்டும் இருந்து ஆர்ஹெச்சின் மற்ற நான்கும் இல்லாத வகை இன்னொன்று. இதுவும் உறவுத் திருமணத்தோடு வரும், தாய்க்கும் சேய்க்கும் ஒருசேர ஆபத்து. கர்நாடகத்தின் கோலாரைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் யாரிடமும் பொருந்தாத ரத்தம் கண்டறியப்பட்டு, குரோமர் என்ற ரத்த வகை அமைப்பில் 2025-இல் ‘கிரிப்’ என்று பேர் பெற்றது. அவர் வந்தது இதய அறுவைக்கு. குரோமர் ஆன்டிஜென்கள் நஞ்சுக்கொடியிலும் நிறைய இருப்பதால், தாயின் எதிர்ப்பொருளை அதுவே உறிஞ்சிக்கொண்டு குழந்தைக்குப் போகவிடாமல் நிறுத்துகிறது. இயற்கை ஓரிடத்தில் வாளையும் இன்னோரிடத்தில் கேடயத்தையும் வைத்திருக்கிறது.

புதியவற்றில் மூன்றைச் சொல்லலாம். முன்பு சிசுவின் ரத்தசோகையை அறியப் பனிக்குடத்தில் ஊசி போட்டார்கள். 2000-க்குப் பிறகு மூளையின் நடுத்தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை ஸ்கேனில் அளந்தே சொல்லிவிடுகிறார்கள். சென்னை போன்ற நகரங்களில் கருவுக்கு ரத்தம் ஏற்றும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆறாம் மாதத்துக்குள் அனுப்பிவைத்தால் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது, தாயின் ரத்தத்தில் மிதக்கும் சிசுவின் டி.என்.ஏ.வை வைத்துக் குழந்தையின் ஆர்ஹெச் வகையை முன்பே அறிவது. டென்மார்க் 2010-இலும் நெதர்லாந்து 2011-இலும் நாடு முழுக்கக் கொண்டுவந்தன. நெகட்டிவ் குழந்தை என்று தெரிந்தால் ஊசியே வேண்டாம். ஐரோப்பாவில் நெகட்டிவ் தாய்மாரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினரின் குழந்தைகளும் நெகட்டிவ் என்பதால் அங்கே அது லாபம். நம் மக்கள்தொகையில் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு குழந்தைதான் நெகட்டிவ். விலையுயர்ந்த சோதனையைவிட ஊசியைத் தவறாமல் போடுவதே இங்கே மேல். ஏற்கெனவே எதிர்ப்பொருள் ஏறிய தாய்க்கு மட்டும் இந்தச் சோதனை உண்மையிலேயே பயன்படும். மூன்றாவது, நிபோகாலிமாப் என்ற மருந்து. எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடக்கும் வாசலையே அடைக்கிறது. 2024-இல் வெளியான ஆய்வில் முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்ட 13 தாய்மாரில் 7 பேர் கருவுக்கு ரத்தம் ஏற்றாமலே 32 வாரத்தைத் தாண்டி உயிருள்ள குழந்தை பெற்றார்கள். எண்ணிக்கை சிறியது, பெரிய ஆய்வுகள் நடக்கின்றன.

இவற்றில் எதற்கும் காத்திருக்காமல் செய்யக்கூடியவை உள்ளன. தட்டில் ஓ என்று வந்த கர்ப்பிணியின் மாதிரியை ஒருமுறை மறுபக்கச் சோதனைக்கு அருகிலுள்ள ரத்த வங்கிக்கு அனுப்புவது. முன்கதை உள்ள பாசிட்டிவ் தாய்க்கும் கூம்ஸ் சோதனை செய்வது. முடிவை அட்டையிலும் கணினிப் பதிவிலும் ஒன்றுபோல் ஏற்றுவது. பிரசவம் முடிந்த பின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அரிய வகைத் தாய் தானே ஓர் அரிய கொடையாளர். விதிப்படி பிரசவமாகி 12 மாதம் கழித்து, பாலூட்டுவதையும் நிறுத்திய பிறகுதான் அவள் ரத்தம் கொடுக்கலாம். பிறகு 120 நாளுக்கு ஒருமுறை. அந்தப் பன்னிரண்டாம் மாதத்தில் அவளை அழைத்துப் பேச வேண்டியது யார் என்று இப்போது எந்தப் படிவத்திலும் எழுதியில்லை. தடுப்பூசித் தேதிகளைப் பின்தொடர்ந்து அவள் வீட்டுக்குப் போய்வரும் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இதற்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம்.